கடைசி ஏட்டில் காப்பு

ஓலைச்சுவடியைப் பட்டில் பொதிந்து வைத்திருப்போரைக் கண்டிருக்கிறேன். பழைய வேட்டித் துண்டில் முடிந்து பரண்மேல் எறிந்திருப்போரையும் கண்டிருக்கிறேன். புண்ணுக்குக் கட்டும் வலைத்துணியால் இந்த முனை முதல் அந்த முனை வரை சுற்றி, எலும்பு முறிந்த நோயாளியைப் போல் ஒரு சுவடியைப் படுக்க வைத்திருந்ததை இராசபாளையத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். அவ்வீட்டாருக்கு விசைத்தறிக் கூடம் ஒன்று உண்டு. மருத்துவமனைகளுக்குச் செல்லும் கட்டுத்துணியே அங்கு நெய்யப்படுவது. கையில் உள்ளதைக் கொண்டுதானே எவரும் தம் செல்வத்தைப் போர்த்துவர்? காற்றுப் புகும், ஈரம் தங்காது, வெள்ளைத் துணியாதலின் பூச்சி ஊர்ந்தால் உடனே கண்ணிற்படும். சுவடிக்குப் பட்டினும் உகந்த போர்வை இதுவே எனப் பின்னர்த் தெளிந்தேன். அன்று சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாயிற்று.

சுவடிக்கு உரியவர் அறுபதைக் கடந்த அம்மையார். கணவர் மறைந்தபின் தறிக்கூடத்தைத் தாமே நடத்தி வருபவர். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவார். சினம் மிகுந்தால் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். அவர்கள் குடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெலுங்கில் ஒரு வீட்டுப் பெயர் உண்டு என்பதையும், மணம் பேசும்போதன்றி வேறெங்கும் அது வெளியே வருவதில்லை என்பதையும் முதல் நாளே சொன்னார். தம் வீட்டுப் பெயரையும் சொன்னார். நான் திருவில்லிபுத்தூரில் நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்று, இராசபாளையத்தில் குடியேறியவன். பழைய ஏடுகளை ஓரளவு படிக்கப் பழகியவன். அவ்வளவே என் தகுதி. தலைநகரத்துச் சுவடி நிறுவனம் ஒன்று அச்சுவடியைத் தூய்மை செய்து தருவதாகக் கேட்டிருந்தது. கொடுப்பதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பி அம்மையார் என்னை அழைத்திருந்தார்.

"எங்க பெரியவுக தெலுங்குச் சீமையில இருந்து வரும்போது தலையில வச்சுக் கொண்டாந்ததுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு" என்றார். "ஆனா எழுத்து தமிழால்ல இருக்கு? அங்க எவுக தமிழ்ல எழுதுனாகன்னு நான் கேட்டா, வீட்டுல அம்புட்டுப் பேரும் என்னைய மொறைப்பாக."

அவர் கேட்டது சிறந்த ஆராய்ச்சி வினா. அதற்கு விடை காணவே அக்கோடை முழுவதும் அவர் வீட்டுக்குச் சென்று வந்தேன். வாயிலில் கட்டியிருந்த வெள்ளை வேட்டைநாய் முதலில் என்னைப் பகைவனாகவும், பின்னர் அயலவனாகவும், ஈற்றில் வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகவும் கருதத் தொடங்கியது.

ஏடுகள் பனையோலை. இரு மரச்சட்டங்களுக்கிடையே, ஒரு துளை வழியே ஒரு கயிற்றில் கோக்கப்பட்டவை. இடப்புற விளிம்பைப் பூச்சி தின்றிருந்ததால், அவ்விடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஏட்டெண்கள் ஒன்றுகூட எஞ்சவில்லை. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. ஆதலின் கையிலிருந்தது படியே அன்றி மூலம் அன்று. ஆயினும் வடசொல்லையும் தமிழையும் மணியும் பவளமும் போல விரவிக் கோத்த அவ்வுரைநடை இடைக்காலத்ததுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓலை இளையது, அதன் மேலுள்ள மொழி மூத்தது.

திருமாலைக் குழந்தையாகக் கொண்டு பாடிய பாடல்களும், அவற்றுக்கு ஓர் உரையும் அதில் இருந்தன. யான் அறிந்தவரை அச்சேறாதவை. பாடியவர் பெயரும் இல்லை. உரை செய்தவர் பெயரும் இல்லை. இறைவன் எழுந்தருளியுள்ள ஊரை 'இவ்வூர்' என்றே உரைகாரர் திரும்பத் திரும்பக் குறிக்கிறார். தம் காலடி மண்ணுக்கு முகவரி எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

பாடல்கள் ஐந்து பகுதிகளாக அமைந்திருந்தன. ஒவ்வொரு பகுதியும் புதிய ஏட்டில் தொடங்கியது. குழந்தைக்குப் பூச்சூட்டுதல் முதற்பகுதி, அடுத்தது நீராட்டுதல், மூன்றாவது தாலாட்டு, நான்காவது அம்புலியை அழைத்தல், கடைசியில் கண்ணேறு படாமல் காக்க வேண்டும் காப்பு. தமிழ் படித்தவர் எவரும் இவ்விடத்தில் புருவத்தை நெரிப்பர். தெய்வத்தைப் பிள்ளையாக்கிப் பாடும் நூல்கள் காப்பில் தொடங்குவதே மரபு. இச்சுவடியிலோ தலையில் இருக்க வேண்டியது காலில் கிடந்தது.

நிறுவனத்திலிருந்து வந்த வல்லுநர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். அடக்கமும் உழைப்பும் உடையவர். கையுறை அணியாமல் ஓலையைத் தொடமாட்டார். எல்லா ஏடுகளையும் ஒளிப்படம் எடுத்துக் கைக்கணினியில் சேர்த்துக்கொண்டார். பின்பு தம் முடிவைச் சொன்னார். என்றோ ஒருநாள் கயிறு அறுந்து ஏடுகள் சிதறியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாத யாரோ அவற்றை மனம்போல் கோத்துவிட்டனர். எனவே விளிம்புகளை நறுக்கி, எண்ணெய் பூசி, காப்பை முதலில் வைத்து மரபு வரிசையில் புதுக்கயிற்றில் கோத்து, புதுச்சட்டங்களும் இட்டுத் தருவார்கள். நூற்பட்டியில் 'வரிசை கலைந்த படி, தோன்றிய இடம் தெரியவில்லை' என்று குறிப்பார்கள்.

எனக்கு அம்முடிவு ஏற்புடையதாக இல்லை. பூச்சி குடைந்த ஒரு துளை ஐந்து பகுதிகளையும் ஊடுருவி நேரே செல்வதை அவருக்குக் காட்டினேன். இவ்வரிசை மிகப் பழையது என்பதற்கு அதுவே சான்று என்றேன்.

"பூச்சி வந்தப்போ இந்த வரிசை இருந்துச்சு, அது சரி ஐயா" என்றார் அவர். "ஆனா கலைஞ்சதுக்கு அப்புறம் வந்த பூச்சியா இருந்தா?"

நேர்மையான மறுப்பு. 

அம்மறுப்போடு நில்லாமல், திருவில்லிபுத்தூரில் தமிழன்பர் சிலர் கூடும் அவையிலும் என் கருத்தை எடுத்துரைத்தேன். வல்லுநரும் வந்திருந்தார், அம்மையாரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வரிசை கலையவில்லை, அதற்கு ஏதோ ஒரு காரணம் உண்டு என்று நான் அரைமணி நேரம் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அய்யா, ஒரு சின்ன சந்தேகம். பூவ வச்சு முடிச்சுட்டா பொறவு பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துவாக?"

அவை சிரித்தது. நானும் கேட்போனாக இருந்திருப்பின் சிரித்திருப்பேன். பூச்சூட்டிய பின் நீராட்டும் தாய் உலகில் எங்கும் இல்லை. கூட்டம் முடிந்து பால்கோவா வந்தது. வழக்கில் தோற்றவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

இராசபாளையம் திரும்பும்போது அம்மையாரின் மகிழுந்தில்தான் வந்தேன். மம்சாபுரம் பிரிவைக் கடந்தோம். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவிய பெரிய எடத்துல இருந்து வந்தவிய. நீங்களும் படிச்சவுக. நான் யாரு பேச்சக் கேக்க? ஒண்ணு செய்யுதேன். கார்த்திகை முடியிற வரைக்கும் கயித்த அவுக்க விடமாட்டேன். அதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணக் காமிங்க. இல்லேன்னா பொறவு என்னையக் கொறை சொல்லப்படாது."

ஒளிப்படங்கள் இருக்கும்போது கயிற்றை அவிழ்த்தால் என்ன என்று நண்பர் சிலர் கேட்டனர். நூற்பட்டியில் ஒருமுறை 'கலைந்தது' என்று ஏறிவிட்டால், வருங்காலத்தார் அக்குறிப்பைப் படிப்பரே அன்றி ஒளிப்படத்தின் வரிசையை ஆராயமாட்டார். நறுக்கிய விளிம்பும் மீண்டும் முளைக்காது. யாரோ ஒருவர் ஒரு காரணம் பற்றிச் செய்து வைத்த ஒழுங்கை, அக்காரணத்தை அறியாத நாம் ஒழுங்கு என்ற பெயராலேயே அழித்துவிடப் போகிறோம் என்ற எண்ணம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐப்பசி பிறந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு என் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்தனர். நான் பேருந்து நிலையம் சென்று அழைத்து வந்து, பைகளைச் சுமந்தபடி வாயிற்படியில் கால் வைத்தேன். உள்ளிருந்து என் மனைவியின் குரல் எங்கள் எல்லோரையும் நிறுத்திற்று.

"அங்கனயே நில்லு. வழி நெடுக எத்தன கண்ணு பிள்ள மேல பட்டுச்சோ!"

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர்த் தட்டோடு வந்தவர், இடையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு நடுவுல நிக்கீக? உங்களுக்கா ஆலாத்தி? உங்களைய எவன் கண்ணு வைக்கப் போறான்? செத்த நேரம் தள்ளி நில்லுங்க."

மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். நான் நகரவில்லை, பைகளைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. செந்நீர் குழந்தையின் முகத்தெதிரே வட்டமிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்து பாடும் புலவன் காப்பை முதலில் வைப்பான். வெளியே போய்த் திரும்பி வரும் பிள்ளைக்கோ காப்பு வாயிற்படியில்தான், அதாவது, கடைசியில். அச்சுவடி இருந்த இடத்தில் இருந்து பாடுவது அன்று. அது புறப்பட்டுப் போய், வீடு திரும்புகிறது.

உடனே என் இளமையில் கண்ட ஒரு காட்சி உயிர் பெற்றது. திருவில்லிபுத்தூரில் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூரில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது, அதாவது மிகுநீர் கலிங்கின் வழியே வழிந்தோடுகிறது, என்று கேள்விப்பட்டு உடன் பணியாற்றிய நண்பரோடு மிதிவண்டியில் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஊர் எல்லையில் பல்லக்கு ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. சிறிய கண்ணன் திருமேனி. பெண்கள் செந்நீர் சுற்றினர். யாரோ காப்புப் பாசுரம் ஓதினார். வெள்ளம் பார்க்க வந்தவனாதலின் அதை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை.

அவ்வூர் வத்திராயிருப்புச் சாலையில் சென்று, மகாராஜபுரம் எட்டுவதற்கு முன் மலையை நோக்கிப் பிரியும் பாதையில் உள்ளது. பெயரை எழுத வேண்டா என்று ஊரார் கேட்டுக்கொண்டனர். கூட்டம் கூடினால் கண்மாய்க் கரை தாங்காது என்பது அவர்கள் அச்சம். தீபாவளி கழிந்த மறுநாளே கோயில் பட்டரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பெற்றுப் பேசினேன். அது ஆண்டுதோறும் நடப்பதன்று. கண்மாய் மறுகால் பாயும் ஆண்டில் மட்டும், பாயத் தொடங்கிய நாளிலேயே, இறைவன் நீரைப் பார்க்கப் புறப்படுவார். கோயிலில் பூச்சூட்டிப் புறப்பாடு. மடையை அடைந்ததும் அப்பூமாலைகளைக் களைந்து வாய்க்காலில் விடுவார்கள். அவை புதுநீரோடு வயலுக்குப் போகும். அதன் பின்னரே நீராட்டு. கரைமேல் ஆலமர நிழலில் இளைப்பாறும்போது தாலாட்டு. அந்தியில் அம்புலி அழைப்பு. ஊர் வாயிலில் காப்பு.

பூச்சூட்டிய பின்பா நீராட்டுவார்கள் என்ற வினாவுக்கு, ஆம், இவ்வூரில் அப்படித்தான் நீராட்டுவார்கள் என்று விடை கிடைத்தது. இப்போது என்ன பாடுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தந்த இடத்துக்கு ஏற்ற, எல்லோரும் அறிந்த பாசுரங்களைத்தான் பாடுவதாகவும், முன்பு வேறு ஏதோ பாட்டு இருந்ததாகத் தம் தந்தையார் சொல்லுவார் என்றும் பட்டர் கூறினார். இவ்வாண்டு மறுகால் பாயுமா என்றேன்.

"அத என்கிட்ட கேட்டா எப்படி? மழையன்னா கேக்கணும்" என்றார்.

மழையைத்தான் கேட்டேன். விடிந்ததும் மாடியேறி மேற்கே மலைமுடியில் முகில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கண்மாய் எவ்வளவு ஏறியது எனத் தொலைபேசியில் பட்டரைக் கேட்பேன். ஓலை படிக்கிறவருக்குத் திடீரென உழவு வந்துவிட்டது என்று என் மனைவி மகளிடம் சொல்லிச் சிரித்தார். பட்டரின் வாய்மொழியை மட்டும் வல்லுநரிடம் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் அவர் அதையும் நேர்மையாகவே மறுப்பார் என்பதை நான் அறிவேன். சுவடியின் படங்களோடு அவரே ஊர்வலத்தில் உடன் நடக்க வேண்டும். அதற்கு மழை வேண்டும். ஐப்பசி முழுவதும் தூறலாகக் கழிந்தது. கார்த்திகையின் முற்பாதியும் அவ்வாறே போயிற்று.  நான் சென்றபோதெல்லாம் அம்மையார் நாட்காட்டியை ஒரு பார்வை மட்டும் பார்ப்பார்.

பின்னர் மலையில் இடைவிடாமல் மழை பெய்தது. ஓடைகள் இரண்டு கரையும் தொட்டு இறங்கின. ஒரு முற்பகலில் பட்டர் தாமே அழைத்தார்.

"நாளைக்குக் காலம்பற மறுகால் பாஞ்சுடும். கெளம்பி வந்துடுங்கோ. இந்தத் தடவ விட்டா அடுத்து எப்போன்னு பெருமாளுக்கே தெரியாது."

வல்லுநருக்குச் செய்தி சொன்னேன். தயங்கவில்லை, அன்று மாலையே தொடர்வண்டி ஏறிவிட்டார். இதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். மறுநாள் அம்மையாரின் மகிழுந்தில் மூவரும் சென்றோம். சுவடி வீட்டிலேயே கட்டுத்துணிக்குள் உறங்கிற்று. வல்லுநரிடம் ஒளிப்படங்களும், என்னிடம் பெயர்த்தெழுதிய தாள்களும் இருந்தன. ஏடுகள் கோத்திருந்த வரிசையிலேயே படங்களை வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

கோயில் சிறியது. உள்ளே மலர் சூட்டிக்கொண்டிருந்தார்கள். வல்லுநர் முதற்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பல்லக்குப் புறப்பட்டது. வழுக்கும் வரப்பில் அவர் தம் தோல்காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அம்மையார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் இருவருக்கும் முன்னே நடந்தார். கண்மாய் கடல்போல் கிடந்தது. கலிங்கில் நீர் விழும் ஓசை நெஞ்சுக்குள் கேட்டது. மலைமண் கரைந்து வந்த புதுநீர் செந்நிறமாக இருந்தது.

மடையில் பல்லக்கை இறக்கினார்கள். பட்டர் திருமேனியிலிருந்து மாலையைக் களைந்து இரு கையிலும் ஏந்தினார். நீரில் விடுவார் என்று எதிர்பார்த்தோம். விடவில்லை. வயலை நோக்கித் திரும்பி நின்று, உரத்த குரலில் ஒரு பெயரைச் சொல்லி, அந்த வீட்டார் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. விடையை எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. அது வழக்கமான அழைப்பு என்பதும், அழைத்துவிட்டுப் பட்டரே மாலையை விட்டுவிடுவார் என்பதும் கூட்டத்தின் முகத்திலேயே தெரிந்தது. அப்பெயரை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று நினைத்துப் பார்ப்பதற்குள் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வந்திருக்கோம்."

பட்டரின் கை அப்படியே நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தனர்.

"யாரும்மா நீங்க?"

"அந்த வீடுதான். எங்க வீட்டுப் பேருதான் நீங்க கூப்பிட்டது." அம்மையார் ஓரடி முன்னே வந்தார். "ராசபாளையத்துல இருந்து வாரோம். வந்திருக்கோம்."

 மடைக்கருகில் மண்வெட்டியோடு நின்ற முதியவர் ஒருவர்தாம் முதலில் அசைந்தார்.

"ஏலே, வெலகுங்கலே. எங்க தாத்தன் காலத்துல இருந்து கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை வத்திப் போச்சு. இப்பந்தான் வீட்டுக்காரவிய காதுல விழுந்திருக்கு."

கூட்டம் கலகலவென்று சிரித்து வழிவிட்டது. பட்டர் மாலையை அம்மையாரின் கைகளில் வைத்தார். அவர் மடைப்படியில் இறங்கி, முழங்கால் நனையக் குனிந்து, மாலையை வாய்க்காலில் விட்டார். செந்நீர் அதை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டு நெல்வயலை நோக்கி ஓடியது.

வல்லுநர் கைக்கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பூச்சூட்டுப் பகுதியின் ஈற்று உரையை விரித்து என்னிடம் நீட்டினார். பிள்ளைக்கு முன்னே பூப் போய்ப் பயிரைக் காணும் என்ற பொருளில் அங்கே ஒரு தொடர் உண்டு. படி எடுத்தவரின் பிழையாகலாம் என்று அவர் அதன் பக்கத்தில் குறித்திருந்தார். நாங்கள் இருவரும் அத்தொடரையும், வயலுக்குள் நுழைந்துகொண்டிருந்த மாலையையும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் விரலால் படத்தைத் தள்ளினார். அடுத்த ஏடு நீராட்டு. எதிரே குடத்தில் செந்நீரை முகந்து பிள்ளைக்கு நீராட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அதன்பின் நாள் முழுவதும் வெற்றியாகவே நடந்தது. ஆலமரத்தடியில் தாலாட்டு ஓதப்பட்டபோது தவளைகள் அதனினும் உரக்கப் பாடின. பிள்ளை உறங்கவிடாமல் நீர்வாழ்வன பூசலிடுவதாக உரைகாரர் நொந்துகொள்வதைப் படித்து வல்லுநர் தம்மை மறந்து சிரித்தார். அந்தியில் அம்புலியை அழைத்தார்கள். வானம் முழுவதும் மழைமுகில். அம்புலி தோன்றாவிடினும் அழைப்பது நம் கடன் என்ற உரைக்குறிப்பு அவ்விடத்தில் ஏன் இருக்கிறது என்று எங்களுள் எவரும் கேட்கவில்லை. படம் தள்ளத் தள்ள, ஊர்வலம் ஏட்டுக்கு ஏடு ஒத்து நடந்தது. எங்கும் பின்னே போக வேண்டியிருக்கவில்லை.

ஊர் வாயிலை அடைந்தபோது பெண்கள் செந்நீர்த் தட்டுகளோடு காத்திருந்தனர். பட்டர் ஓதத் தொடங்கும் முன் அம்மையாரைப் பார்த்தார். அழைப்புக்கு விடை சொன்ன வீட்டார் விரும்புவதைப் பாடுவது முறை என்றார். அம்மையார் என் பக்கம் கையை நீட்டினார்.

"அய்யா, நம்ம ஓலையில உள்ளதப் படிங்க."

என் குரல் பாட்டுக்கு உரிய குரல் அன்று, வகுப்பறைக் குரல். ஆயினும் தாளை விரித்து, இடைக்காலத்துப் பெயரறியாப் புலவர் ஒருவர் இவ்வாயிலுக்கென்றே கட்டிய காப்புப் பாடல்களை, இவ்வாயிலில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பாட்டின் ஈற்றடியும் ஒன்றாகவே முடியும். மூன்றாம் பாட்டிலேயே ஊரார் அதைப் பற்றிக்கொண்டனர். அதன்பின் ஈற்றடிக்கு என் குரல் தேவைப்படவில்லை, ஊரே பாடிற்று. எத்தனை தலைமுறையாக அப்பாட்டு வாய் திறவாதிருந்ததோ அறியேன். வகுப்பறையில் நான் கற்பித்த காலமெல்லாம் சேர்ந்தும் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

பாடி முடித்ததும் ஒரு பெண் செந்நீரைச் சுற்றித் தரையில் ஊற்றினாள். தெறித்த துளியொன்று என் தாளின் மேல் விழுந்து பரவியது. நான் அதைத் துடைக்கப் போனேன். வல்லுநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கைக்கணினியில் கடைசி ஏட்டின் படத்தைப் பெரிதாக்கி என் தாளருகே பிடித்தார். அந்த ஏட்டின் கீழ்ப்புறத்தில் மங்கிய செந்நிறக் கறைகள் சிதறியிருந்தன. மற்றெந்த ஏட்டிலும் அவை இல்லை என்பதை நாங்கள் முன்பே கண்டிருந்தோம். சட்டத்தின் ஆணியிலிருந்து இறங்கிய துரு என்று அவர் எழுதியிருந்தார், நானும் ஒப்பியிருந்தேன்.

அவர் அச்சொல்லை அழித்தார்.

"ஐயா, கயித்த நான் தொடலை" என்றார்.

எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்பதை இங்கே வரையறுத்துச் சொல்வது என் கடமை. பாடியவர் யார் என்பது இன்றும் தெரியாது. உரைகாரரின் பெயரும் கிடைக்கவில்லை. அந்நூல் அக்கண்மாய்க்கும் அம்மடைக்கும் அவ்வாயிலுக்கும் என்றே உருவாயிற்று என்பதும், ஏடுகள் புறப்பாட்டின் வரிசையில் கோக்கப்பட்டவை என்பதும் தெளிவு. அம்மையாரின் முன்னோர் பிற்காலத்தில் இப்பகுதிக்கு வந்து, அப்பாசனத்தில் நிலம் கொண்டு, மாலை விடும் உரிமையும் பெற்று, நைந்துபோன மூலத்தைப் புதிய ஓலையில் படி எடுத்து வைத்திருக்கலாம் என்பது எங்கள் இருவரின் கருத்து. நிலம் கைமாறிக் குடும்பம் இராசபாளையத்தில் நிலைத்தபோது உரிமை மறந்தது. சுவடி மட்டும் உடன் வந்தது.

இதை அம்மையாரிடம் சொல்ல எனக்குச் சிறிது தயக்கம் இருந்தது. தெலுங்குச் சீமையிலிருந்து வந்தது என்ற பெருமையை அவர் வீட்டிலிருந்து நான் பறிப்பதாக ஆகுமே! திரும்பி வரும் வழியில் மெல்ல எடுத்துச் சொன்னேன். 

"மாமனார் சொன்னது பொய் இல்லையே" என்றார். "தலையில வச்சுத்தான் கொண்டாந்திருக்காக. சீமையில இருந்து இல்ல, கண்மாயில இருந்து. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

கார்த்திகை முடிவதற்குள் வல்லுநர் மீண்டும் வந்தார். சுவடியைத் தலைநகருக்குக் கொண்டுபோகவில்லை. அம்மையாரின் வீட்டுக் கூடத்திலேயே வைத்து, கயிற்றை முழுவதும் உருவாமல் தளர்த்தி, ஏடு ஏடாகத் தூசி நீக்கி எண்ணெய் பூசினார். விளிம்பை நறுக்கவில்லை. நூற்பட்டியில் எழுதிய குறிப்பை எனக்குப் படித்துக் காட்டினார். 'வரிசை முழுமையாக உள்ளது' என்று இருந்தது. தோன்றிய இடம் என்ற கட்டத்தில், ஊராரின் இசைவோடு, அவ்வூரின் பெயர் இருந்தது. அவ்விரண்டையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கடைசி ஏட்டுக்கு வந்தபோது அவர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் செங்கறைகளை நீக்கிவிடலாமா என்று சுவடிக்கு உரியவரைக் கேட்டார். கேட்பது அவர் தொழில்முறை. புதுக் கட்டுத்துணிச் சுருளோடு நின்றிருந்த அம்மையார் ஓலைக்கும் அவர் கைக்கும் நடுவே தம் கையை வைத்தார்.

"அதத் தொடாதீங்க தம்பி. அது எங்க பெரியவுக போயிட்டு வந்ததுக்கு எடுத்த ஆலாத்தி."